ஒற்றை ஆளாக ஆன்லைன் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் ஒரு வேலை இருக்கிறது. மாலையில் ஒரு மணி நேரம், வார இறுதியில் அரை நாள் என்று கொஞ்சம் நேரமும் மிஞ்சுகிறது. அதை வைத்து இணையத்தில் சின்னதாக ஒரு தொழில் நடத்தி, மாதாமாதம் ஒரு தொகை வந்துகொண்டே இருக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்காக எழுதியது இது. ஆள் வைத்துப் பெரிதாக்குவது, முதலீட்டாளரைப் பிடிப்பது பற்றியெல்லாம் இதில் இல்லை.

உண்மையிலேயே தனி ஆளாக நடத்த முடியுமா?

முடியும். நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். பின்போர்டு என்று ஒரு சேவை உண்டு. இணையத்தில் பார்த்த பக்கங்களின் முகவரியைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2009-இல் வந்தது. மாசே செக்வோவ்ஸ்கி என்பவர்தான் பெரும்பாலும் ஒரே ஆளாக அதைப் பார்த்துக்கொண்டார். அதே வேலைக்கு டெலிஷியஸ் என்ற பெரிய தளம் ஏற்கெனவே இருந்தது. 2005-இலேயே யாஹூ அதை வாங்கியிருந்தது. பிறகு டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி, கடைசியில் 2017-இல் பின்போர்டே அதை 35,000 டாலருக்கு வாங்கியது.

பின்போர்டு பயனரிடம் காசு வாங்கிக்கொண்டு சேவை தந்தது. வருகிற காசுக்குள் செலவை அடக்கிக்கொண்டது. புதிது புதிதாக எதையும் சேர்க்காமல் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. தனி ஆளுக்கு இந்தக் குணங்கள் போதும். பெரிய கம்பெனிக்கு இந்த அளவு வருமானம் காணாது. ஒருவருக்கு அதுவே தாராளம்.

தூங்கும்போதும் பணம் வரும் என்கிறார்களே?

இரவில் ஆர்டர் வரும், அது உண்மை. ஆனால் அந்த ஆர்டர் வருவதற்கான வேலையை நீங்கள் முன்னாடியே செய்திருப்பீர்கள். ஆர்டர் போட்டவருக்கு ஏதாவது சிக்கல் வந்தால் காலையில் பார்க்க வேண்டியவரும் நீங்கள்தான். வேலையே இல்லாத வருமானம் என்று நம்பி இறங்குபவர்கள் மூன்றாவது மாதத்தில் சலித்துப் போகிறார்கள். குறைந்த வேலையில், ஒழுங்காக வருகிற வருமானம் என்று நினைத்து இறங்குங்கள். அதை அடையலாம்.

எதை விற்பது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கையால் செய்த பொருள், டவுன்லோடு செய்துகொள்ளும் கோப்பு, சின்ன ஆப், எடிட்டிங் மாதிரி ஒரு சேவை என்று எதை வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் தனி ஆளுக்கு ஒத்துவருமா என்று பார்க்க என்னிடம் சில சோதனைகள் உண்டு.

ஒவ்வொரு விற்பனைக்கும் உங்கள் நேரம் எவ்வளவு போகிறது? கையால் செய்யும் பொருளில் பத்து ஆர்டர் என்றால் பத்து முறை உழைக்க வேண்டும், பேக்கிங்கும் கூரியரும் தனி. கோப்பு விற்றால் உழைப்பு முன்கூட்டியே முடிந்துவிடும். வாங்கியவர் திரும்ப வருவாரா? கல்யாண அழைப்பிதழ் டெம்ப்ளேட் வாங்கியவர் அநேகமாக இன்னொரு முறை வரமாட்டார். மாதா மாதம் கணக்கு எழுத உங்கள் விரிதாளைப் பயன்படுத்துபவர் வருவார். கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று: இரண்டு நாள் நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தால் வாடிக்கையாளருக்கு என்ன ஆகும்? நிகழ்ச்சிக்கு டிக்கெட் சரிபார்க்கும் ஆப்பை விற்றுவிட்டு நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது அது நின்றுபோனால், வாசலில் கூட்டம் நிற்கும். பகலில் வேறு வேலை பார்ப்பவர் இந்த மாதிரித் தொழிலில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காத்திருக்கக்கூடிய பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் உதாரணம். தேனீ வளர்ப்பவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் குறிப்பு எழுதி வைப்பார்கள்: என்று திறந்து பார்த்தோம், முட்டை இருந்ததா, அரசித் தேனீ கண்ணில் பட்டதா என்று. அரசியின் முதுகில் வண்ணப் புள்ளி வைக்கும் முறை ஒன்று நாடுகள் தாண்டிப் பரவியிருக்கிறது. அந்த அரசி பிறந்த ஆண்டின் கடைசி எண் 1 அல்லது 6 என்றால் வெள்ளை. 2, 7 மஞ்சள். 3, 8 சிவப்பு. 4, 9 பச்சை. 5, 0 நீலம். பெட்டிக் குறிப்பு எழுத ஒருவர் ஒரு தாளோ ஆப்போ செய்கிறார் என்று வையுங்கள். அதில் ஆண்டைப் போட்டதும் வண்ணம் தானாக வந்து நிற்கிறது. ஒட்டும் கையுறையோடு தட்டுவதற்குத் தோதாகப் பொத்தான்கள் பெரிதாக இருக்கின்றன. பார்த்த உடனே தேனீ வளர்ப்பவருக்குத் தெரிந்துவிடும், இதைச் செய்தவருக்கு இந்தத் தொழில் தெரியும் என்று. பொதுவான 'குறிப்பெழுதும் ஆப்' ஒன்றோடு நீங்கள் போட்டி போட முடியாது. இவ்வளவு குறுகலான இடத்தில் பெரிய கம்பெனி உங்களோடு போட்டிக்கு வராது.

உங்களுக்குத் தெரிந்த தொழில், உங்கள் பொழுதுபோக்கு, உங்கள் ஆபீசில் எல்லோரும் தினமும் முணுமுணுக்கிற ஒரு வேலை: அங்கே தேடுங்கள்.

ஏஐ வந்த பிறகு கோப்பு, டெம்ப்ளேட் எல்லாம் யார் வாங்குவார்கள்?

பொதுவான திட்டமிடல் தாள், பொதுவான பட்டியல் இவற்றுக்கு மதிப்பு குறைந்துவிட்டது. அதில் இப்போது இறங்க வேண்டாம். மேலே சொன்ன மாதிரி, உள்ளே இருந்து பார்த்தவருக்கு மட்டும் தெரிகிற விவரங்களுக்கு மதிப்பு அப்படியேதான் இருக்கிறது. எது சரி, எது தேவையில்லை என்று பொறுப்பாகத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கும், தவறாக இருந்தால் திருத்திக் கொடுக்க ஓர் ஆள் இருப்பதற்கும்தான் காசு கொடுக்கிறார்கள்.

என் ஐடியாவை யாராவது எடுத்துக்கொண்டால்?

ஐடியாவை எடுப்பது சுலபம். அதை இரண்டு வருடம் விடாமல் பராமரிப்பது கஷ்டம். தைரியமாகப் பேசுங்கள்.

வாங்குவார்களா என்று முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

நண்பர்களிடம் கேட்காதீர்கள். அவர்கள் 'சூப்பர்' என்பார்கள், வாங்கமாட்டார்கள். இந்தப் பிரச்சினையை இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள். நோட்டுப் புத்தகம், பாதி உடைந்த எக்ஸெல் தாள், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் செய்தி என்று ஏதாவது ஒரு குறுக்குவழி இருந்தால் தேவை இருக்கிறது என்று அர்த்தம். எந்த முயற்சியும் எடுக்காமல் சும்மா குறைப்பட்டுக்கொள்கிறார்கள் என்றால் காசும் கொடுக்கமாட்டார்கள்.

அப்புறம், முழுதாகச் செய்து முடிப்பதற்கு முன்பே ஒரு சின்ன வடிவத்தை விலை போட்டு வையுங்கள். இன்ன தேதிக்குள் தருகிறேன், இல்லையென்றால் பணம் திரும்ப வரும் என்று தெளிவாக எழுதுங்கள். முகம் தெரியாத ஐந்து பேர் பணம் கட்டினால், ஐநூறு பேர் லைக் போட்டதைவிட அது நம்பகமான தகவல்.

சொந்தத் தளமா, பெரிய சந்தைத் தளத்தில் கடையா?

தொடக்கத்தில் சந்தைத் தளம் நல்லது, கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதற்கு வாடகை உண்டு. கைவினைப் பொருட்களுக்குப் பேர்போன எட்ஸியில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட். அந்தப் பதிவு நான்கு மாதம்தான் இருக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விற்றால் 6.5 சதவீதம் கமிஷன். 2022 ஏப்ரல் வரை அது 5 சதவீதமாக இருந்தது. டிஜிட்டல் கோப்புகள் விற்க உதவும் கம்ரோடு தளம் 2023-இல் எல்லோருக்கும் பொதுவாக 10 சதவீதம் என்று மாற்றியது. ஆப்பிள் ஆப் ஸ்டோரில் வழக்கமான பங்கு 30 சதவீதம். ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறு தொழில்களுக்கென்று 2021-இல் தொடங்கிய திட்டத்தில் சேர்ந்தால் 15.

எண்களை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், விதியை மாற்றும் உரிமை அவர்களிடம் இருக்கிறது என்பதுதான். கமிஷனை ஏற்றலாம், தேடலில் உங்களைக் கீழே தள்ளலாம், ஏதோ ஒரு தானியங்கிச் சோதனையில் சிக்கினால் கணக்கையே முடக்கலாம். அதனால் சந்தைத் தளத்தில் விற்றுக்கொண்டே, சொந்தமாக இரண்டு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் பெயரில் பதிவான டொமைன் (அதாவது உங்கள் தளத்தின் இணையப் பெயர்), சம்மதம் சொல்லிச் சேர்ந்தவர்களின் மின்னஞ்சல் பட்டியல். வாங்குபவர் தகவலை என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு சந்தைத் தளத்துக்கும் விதி உண்டு, அதை மீறாமல் சேருங்கள்.

டொமைனுக்குத் தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். டாட் காம் போன்ற பெயர்கள் காலாவதியாகி அழிக்கப்பட்டால், திரும்பப் பெற 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். காலாவதியான கார்டு எண்ணால் டொமைன் போய்விடுவது சர்வசாதாரணமாக நடக்கிறது.

விலை எப்படி வைப்பது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் குறைத்து வைக்கிறார்கள். விலையை 100 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கமிஷனுக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் 12 போகிறது. நூறில் மூன்று பேர் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள், அதில் 3. மிச்சம் 85. இதிலிருந்துதான் ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் செலவு), டொமைன், சாஃப்ட்வேர் சந்தா, கடைசியில் வரி. சரி, அதோடு முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு விற்பனைக்கும் சராசரியாக கால் மணி நேரம் பதில் எழுதப் போகிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு நான்கு விற்பனை, அதாவது 340. இந்தத் தொகை உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவா? அப்படியென்றால் விலையை ஏற்ற வேண்டும், அல்லது அந்தக் கால் மணி நேரத்தைக் குறைக்க வேண்டும். பொருளைச் செய்ய ஆன நேரத்தை இன்னும் சேர்க்கவே இல்லை.

விலையை ஏற்றினால் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய விலையே தொடரட்டும். அதில் நீங்கள் இழப்பது கொஞ்சம்தான். அவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

வருமானம் 'நிலையானது' என்று எப்போது சொல்லலாம்?

ஒரே மாதத்தில் பெரிய தொகை வந்ததை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். சந்தா முறையில் இதை எளிதாகப் பார்க்கலாம்.

உங்களிடம் 100 சந்தாதாரர்கள். மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள். ஐந்துதானே என்று தோன்றும். புதியவர் யாரும் சேராவிட்டால் ஒரு வருடம் கழித்து 54 பேர்தான் இருப்பார்கள். இப்போது மாதம் 10 பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்று வையுங்கள். எண்ணிக்கை ஏறும், ஆனால் எப்போதும் ஏறிக்கொண்டே போகாது. 200 பேர் ஆனதும் மாதம் 10 பேர் விலகுவார்கள், 10 பேர் சேர்வார்கள். அதுதான் உச்சவரம்பு. நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

விலகுபவர்களை 5-இலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தால்? அதே 10 பேர் சேர்க்கையில் உச்சவரம்பு 333. அதையும் 2 சதவீதம் ஆக்கினால் 500. விளம்பரத்துக்கு ஒரு காசு கூடக் கொடுக்காமல் இரண்டரை மடங்கு. அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், தனி ஆள் தன் நேரத்தில் பெரும்பகுதியை ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் விலகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'என்ன காரணத்தால் நிறுத்துகிறீர்கள்?' நிறுத்தும் பொத்தானை ஒளித்து மட்டும் வைக்காதீர்கள். கோபத்தோடு போனவர் திரும்பி வரமாட்டார். வேலை முடிந்து நிம்மதியாகப் போனவர் அடுத்த பருவத்தில் வருவார்.

சந்தா இல்லாமல் ஒருமுறை விற்கும் பொருள் என்றால், இந்த மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள் என்று பாருங்கள். அந்தப் பங்கு கூடிக்கொண்டே போனால் நல்லது.

மாதச் சந்தாவா, ஆண்டுச் சந்தாவா என்றும் கேட்கிறார்கள். இரண்டும் கொடுங்கள், ஆண்டுச் சந்தாவுக்குச் சலுகை வையுங்கள். ஆண்டுச் சந்தா புதுப்பிக்கும் தேதிக்குச் சில வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சொல்லாமல் எடுத்த பணம் சண்டையில்தான் முடியும்.

விளம்பரம் செய்ய வேண்டுமா?

முதலில் வேண்டாம். ஒரு வாடிக்கையாளரால் மொத்தம் எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் விளம்பரத்துக்கு எவ்வளவு கொடுப்பது? உங்கள் துறையில் மக்கள் கூகுளில் தட்டுகிற கேள்விகளுக்கு நேர்மையாக, முழுதாகப் பதில் எழுதிப் போடுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் வருடக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவரும்.

மின்னஞ்சல் அனுப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடியாகிவிட்டன. மொத்தமாக அனுப்புபவர்கள் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று, மின்னஞ்சல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் மூன்று சரிபார்ப்புகளையும் டொமைனில் அமைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கொடுக்க வேண்டும். ஜிமெயில் 'மொத்தம்' என்று சொல்வது நாளுக்கு 5,000 மின்னஞ்சல். நீங்கள் அதில் வரமாட்டீர்கள், இருந்தாலும் அமைத்துவிடுங்கள். ரசீதும் டவுன்லோடு இணைப்பும் ஸ்பேமில் விழுந்தால் வாடிக்கையாளர் ஏமாந்ததாகத்தான் நினைப்பார்.

கோபமாக எழுதுபவர்களை எப்படிச் சமாளிப்பது?

இப்படி ஒரு கடிதம் வருகிறது: 'பணம் போய்விட்டது. ஃபைல் திறக்கவில்லை. இது என்ன ஏமாற்று வேலை?'

அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லாதீர்கள். முதல் இரண்டு வரிக்குச் சொல்லுங்கள். 'வணக்கம். பணம் கட்டியும் கோப்பு திறக்காதது எரிச்சலாகத்தான் இருக்கும், வருந்துகிறேன். இதோடு கோப்பை நேரடியாக இணைத்திருக்கிறேன், போனிலேயே திறக்கும். இதுவும் சரிவரவில்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள், இன்றே பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.' இவ்வளவு போதும். இந்த மாதிரி ஒரு பதிலுக்குப் பிறகு, ஏமாற்று என்று எழுதியவரே நன்றி சொல்லி எழுதுவது அடிக்கடி நடக்கும். பதில் ஒரு மனிதரிடமிருந்து வருகிறது என்று தெரிந்தாலே பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. பெரிய கம்பெனியால் கொடுக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கிறதென்றால் அது இதுதான்.

அடுத்து செய்ய வேண்டியதும் முக்கியம். ஏன் திறக்கவில்லை? நீங்கள் ஜிப் கோப்பாக அனுப்பினீர்கள், அவர் போனில் திறக்கப் பார்த்தார். நாளையும் இன்னொருவர் அதே கடிதத்தை எழுதுவார். ஜிப்பை விட்டுவிட்டு பிடிஎஃப் ஆகவே அனுப்பும்படி மாற்றிவிட்டால் அந்தக் கடிதங்கள் நின்றுபோகும். வருகிற கேள்விகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால் பதிலை மெருகேற்றுவதை விட்டுவிட்டு, கேள்வி வராதபடி பொருளை மாற்றுங்கள். உங்கள் கால் மணி நேரம் குறைவது இப்படித்தான்.

ரீஃபண்ட் கேட்டால்?

கொடுத்துவிடுங்கள். வாதாடினால் அவர் பேங்க்கில் புகார் செய்வார். அது சார்ஜ்பேக் ஆகும். பணமும் போகும், பல பேமென்ட் நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும், சார்ஜ்பேக் விகிதம் கூடினால் உங்கள் கணக்குக்கே ஆபத்து. ஐரோப்பிய யூனியனில் ஆன்லைனில் வாங்கியவருக்குப் பொதுவாக 14 நாள் மனம் மாறும் உரிமை சட்டப்படியே உண்டு. டிஜிட்டல் கோப்புக்கு, உடனே கொடுக்கச் சொல்லி உரிமையை விட்டுத்தருவதாக அவர் ஒப்புக்கொண்டால் விலக்கு.

வரி, சட்டம்?

இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள், அந்தக் காசு வீண் போகாது. முதல் நாளிலிருந்தே தனி பேங்க் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு விற்றால் வாங்குபவரின் நாட்டு வரியும் வரலாம்: தனிநபருக்கு விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு ஐரோப்பிய யூனியனில் 2015 முதல் வாங்குபவர் இருக்கும் நாட்டின் வாட் வரிதான். பேடில் போன்ற நிறுவனங்கள் சட்டப்படி தாங்களே விற்பனையாளராக நின்று இந்த வரியை வசூலித்துக் கட்டிவிடுகின்றன. கமிஷன் கூடுதல்தான், ஆனால் தனி ஆளுக்கு அது லாபமான ஏற்பாடு என்றே சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளியே தொழில் செய்யக்கூடாது என்றோ, வேலைக் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் கம்பெனிக்குச் சொந்தம் என்றோ அதில் இருக்கலாம். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரி கூட எழுதாதீர்கள்.

எனக்கு உடம்புக்கு முடியாமல் போனால்?

தனி ஆள் தொழிலின் பெரிய பலவீனம் இதுதான், இதைத் தள்ளிப் போடாதீர்கள். தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில்: இது பழைய விதி, இன்றும் சரியான விதி. அவ்வப்போது பேக்அப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்அப்பை நம்ப முடியாது. கடவுச்சொற்களை ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அவசர அனுமதி கொடுத்து வையுங்கள். அவர் செய்ய வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: புது விற்பனையை எப்படி நிறுத்துவது, வாடிக்கையாளருக்கு என்ன அறிவிப்பது, பணத்தை எங்கே திருப்பிக் கொடுப்பது. அவர் தொழிலை நடத்த வேண்டியதில்லை, கௌரவமாக நிறுத்தி வைத்தால் போதும்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

உங்களால் சோர்ந்துபோகாமல் கொடுக்க முடிகிற நேரத்தில் பாதி. மீதிப் பாதி சிக்கல் வரும் வாரத்துக்கு. பதில் எழுதும் நாட்களை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். 'இரண்டு வேலை நாட்களுக்குள் பதில்' என்று போட்டிருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பயணம் கிளம்பும் முந்தின நாள் எந்த மாற்றத்தையும் வெளியிடாதீர்கள்.

தொழிலை மூட வேண்டி வந்தால்?

குறைந்தது மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள். அன்றே புதுச் சந்தா வாங்குவதை நிறுத்துங்கள். ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மிச்ச மாதங்களுக்கான பணத்தை, கேட்காமலேயே திருப்பிக் கொடுங்கள். அவர்களுடைய தரவை எக்ஸெல்லில் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக எடுத்துக்கொள்ள வழி செய்யுங்கள், பிறகு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள். கணக்குக்காக சட்டம் வைத்திருக்கச் சொல்லும் ரசீதுகள் மட்டும் விலக்கு. மூடிய பிறகும் டொமைனை இன்னும் சில வருடம் கட்டி வைத்திருங்கள். அதை விட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த டொமைனில் இருந்த உங்கள் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதமும், அந்த முகவரியில் நீங்கள் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அவர் கைக்குப் போகும்.